பதினோரு பேர் வீடு

கேமரா பொருத்திய மெல்லிய குழாய் வெயினியின் வலது நாசிக்குள் போனதும் டாக்டர் சுலைகா, பொருட்காட்சிக்கு வந்த குழந்தையைப் போல, "அடடா, இதைப் பாருங்களேன்" என்றார்.

வெயினி திரையைப் பார்க்கவில்லை. இரண்டு வருடங்களில் எத்தனையோ கேமராக்கள் அவள் மூக்கினுள் போய் வந்துவிட்டன. ஒவ்வொரு டாக்டரும் பார்த்தார், உச்சுக் கொட்டினார், புதிதாக ஒரு மாத்திரை எழுதினார். ஒருவர் ஒவ்வாமை என்றார். ஒருவர் மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது என்றார். இரண்டு முறை அறுவை சிகிச்சை நடந்தது. ஒவ்வொரு முறையும் சில வாரங்கள் மூக்கு திறந்திருக்கும். பிறகு கன்னம் கனக்கத் தொடங்கும், குனிந்தால் நெற்றி இடிக்கும், தொண்டைக்குள் பச்சையாக ஏதோ வழியும். வாசனை மட்டும் ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை. அவளுக்குக் காபி வெறும் சூடு. மல்லிகை வெறும் வெள்ளை.

"கண்ணை மூடிக்கிட்டா எப்படிம்மா? இது உங்க வீடு. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், கன்னத்துக்குள்ள ஒரு அறை இருக்கு. எதிர்ப்பக்கமும் ஒண்ணு. நெத்திக்குப் பின்னால ரெண்டு. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவுல தேன்கூடு மாதிரி சின்னச் சின்னதா நிறைய. எல்லாத்துலயும் காத்துதான் இருக்கணும். இந்தக் கன்ன அறைக்கு வாசல் எங்க இருக்குன்னு நினைக்கறீங்க?"

"கீழயாங்க?"

"அதான் இல்ல. மேல, கூரைக்குப் பக்கத்துல. சாக்கடையைக் கூரையில வச்சுக் கட்டின வீடு!"

வலியையும் மீறி வெயினிக்குச் சிரிப்பு வந்தது. "அப்பறம் உள்ள இருக்கற தண்ணி எப்படி வெளிய போகும்?"

"அதுக்குத்தான் ஆள் போட்டிருக்கு. சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைங்க நிக்குது. நெல்லு வயல்ல காத்தடிச்ச மாதிரி எல்லாம் ஒரே பக்கமா அசையும். சளியைக் கீழயிருந்து மேல தள்ளித் தள்ளிக் கொண்டு போய் வாசல்ல சேர்க்கும். உங்களுக்கு முதல் ஆபரேஷன்ல கீழ ஒரு ஓட்டை போட்டிருக்காங்க. நல்ல எண்ணத்துலதான் போட்டிருக்காங்க. ஆனா புது வாசல் திறந்த சேதி அதுங்களுக்குத் தெரியாதே! ஓட்டையைச் சுத்திக்கிட்டுப் பழைய வாசலுக்கேதான் தூக்கிட்டுப் போகும். அவ்வளவு விசுவாசம்."

டாக்டர் குழாயை மெல்ல வெளியே எடுத்தார். வேறொரு படத்தைத் திரையில் போட்டதும் அவர் குரல் இறங்கிவிட்டது.

"இந்த எலும்பு காகிதம் மாதிரி மெல்லிசு. இதுக்கு அந்தப் பக்கம் கண். சீழ் இதை அரிக்க ஆரம்பிச்சிருக்கு. மழைக்காலம் முடியறதுக்குள்ள அடங்கலேன்னா நான் காத்திருக்க மாட்டேன். எல்லா அறையையும் சுரண்டிட்டு உள்ள பசை ஊத்தி அடைச்சிடணும். வலி போயிடும். கண் தப்பிக்கும். ஆனா வாசனை நரம்பும் அதோட போயிடும். அப்புறம் எந்தக் காலத்துலயும் வராது."

வெயினி தலையாட்டினாள். தலையாட்டியதும் நெற்றி வலித்தது.

"ஒண்ணு கேக்கறேன். யார்கூட இருக்கீங்க?"

"தனியாத்தானுங்க. அம்மா இல்ல. அப்பா மஸ்கட்ல, அங்க அவருக்கு வேற குடும்பம்."

"வேலை?"

"திருப்பூர்ல ஆளில்லாம ஓடற பின்னல் மில் ஒண்ணு. மெஷின்ல நூல் அறுந்தா என் ரூம் ஸ்கிரீன்ல தெரியும். சரி பண்ணச் சொல்லி இங்கிருந்தே உத்தரவு போடுவேன்."

"கடைசியா இன்னொருத்தர்கூட ஒரே அறையில உட்கார்ந்து சாப்பிட்டது எப்ப?"

வெயினி யோசித்தாள். கேள்வி எளிதாகத்தான் இருந்தது. மாதங்களை எண்ணத் தொடங்கி வருடங்களுக்குப் போய்விட்டாள்.

அவள் குடியிருந்தது சரவணம்பட்டிக்கு வடக்கே எழும்பியிருந்த அடுக்குமாடிக் கோபுரங்களில் ஒன்றில். வார்ப்பட ஆலைப் புகையும் பஞ்சுத் தூசும் கலந்து கோவையின் காற்று கெட்டுப் போனபின், அதற்கு மேல் காய்ச்சல் வருடங்களும் வந்து போனபின், ஜன்னல் திறக்காத வீடுகள் கட்டினார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வடிகட்டி. ஒரு வீட்டுக் காற்று மறு வீட்டுக்குப் போகாது. அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் எழுத்துக்கு முன்னால் மூச்சு மரியாதை சொல்லிக் கொடுத்தார்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் முகத்தை இடப்பக்கம் திருப்பித்தான் மூச்சை விட வேண்டும். லிஃப்டில் எல்லோரும் சுவரைப் பார்த்து நிற்பார்கள். வெயினிக்கு இது நடப்பதைப் போல, யோசிக்காமல் வரும்.

"உங்க மூக்குலயிருந்து எடுத்ததை வளர்த்துப் பார்த்தோம்" என்றார் டாக்டர். "எல்லார் மூக்குலயும் காவலுக்கு நல்ல கிருமிங்க குடியிருக்கும். நூறு வீட்டுத் தெரு மாதிரி. உங்க தெருவே காலி. ஒரே ஒரு ரவுடி மட்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கான். மாத்திரை குடுத்தா எழுந்து போறான். கொஞ்ச நாள் கழிச்சு எட்டிப் பார்க்கறான். யாருமே இல்ல. மறுபடி வந்து உட்கார்ந்துக்கறான்."

"காவலுக்கு இருக்கறது எல்லாம் எங்கிருந்துங்க வரும்?"

"மனுஷங்ககிட்டயிருந்து. பிறக்கறப்ப அம்மாகிட்டயிருந்து. அப்புறம் பஸ்ல உரசிக்கிட்டு நிக்கறவங்க, ஒரே துண்டுல முகம் துடைக்கறவங்க, காதுகிட்ட வந்து கத்தறவங்க. ஒருத்தர் மூக்குக்கு ஒருத்தர் விதை போட்டுக்கிட்டேதான் இருக்கோம். உங்க கட்டடத்து வடிகட்டி கிருமியை எடுத்துடும்னு சொல்லி வித்தாங்க. பொய் சொல்லல. அடுத்த வீட்டுக்காரங்களையும் சேர்த்து எடுத்துடுச்சு."

"சரிங்க. இப்ப என்ன பண்ணணும்?"

"முதல்ல கழுவி ரவுடியை விரட்டுவோம். அப்புறம் நல்ல மூக்குலயிருந்து எடுத்து உங்க மூக்குல விதைப்போம். முன்ன சிலருக்கு அதோட நிறுத்திட்டோம், எல்லாம் செத்துப் போச்சு. விதைச்சா மட்டும் போதாது, தினமும் தூறல் விழணும். அதுக்கு ஒரு ஆள் வேணும். கார்த்திகை வரைக்கும் உங்ககூடவே இருப்பாங்க. ஒரே அறை, வடிகட்டி நிறுத்தியிருக்கணும், முகத்துக்கு முகம் பார்த்துச் சாப்பிடணும், பேசணும். இதுக்கு உடன்மூச்சுன்னு பேரு."

"ஒரே ரூம்லயாங்க?" வெயினியின் கை தானாகவே முகமூடியைத் தேடியது. "மருந்தா எதுவும் இல்லீங்களா?"

"ஆள்தாம்மா மருந்து."

கழுவி விதைத்த மறுவாரம், மருந்து ஒரு சனிக்கிழமை காலை பெரிய எவர்சில்வர் டப்பாவோடும் ஒரு துணிப்பையோடும் வந்து சேர்ந்தது. நாற்பத்தைந்து வயதிருக்கும். பெயர் தன்விகா.

"ஏனுங் அம்மிணி, இதென்ன வூடா, மாத்திரை டப்பியா? சன்னலத் தொறக்கலாம்னு பாத்தா சன்னலையே காங்கல."

"திறக்க முடியாதுங்க அக்கா."

"அது தெரியுது. அந்த உர்ருனு கத்தறது எது, அதையாச்சும் நிறுத்துங்க. டாக்டரம்மா சொல்லியுட்டிருக்காங்க."

வெயினி வடிகட்டியை நிறுத்தினாள். பிறந்ததிலிருந்து கூடவே இருந்த இரைச்சல் நின்றதும் அறை பெரிதாகிவிட்டதைப் போல இருந்தது. அந்தப் பெரிய அமைதியில் இன்னொருத்தி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

தன்விகா வந்த நாளிலேயே தன் வீட்டைப் பற்றிச் சொல்லிவிட்டாள். தாராபுரம் பக்கம், பதினோரு உருப்படி. "மூத்த கொழுந்தனாரு இருக்காரு பாருங்க, டிவில நியூஸ் வாசிக்கற புள்ள வணக்கம்னு சொன்னா, இவரு எந்திரிச்சு நின்னு கும்புடு போடுவாரு. கும்புட்டாத்தான் ஒக்காருவாரு. அப்பறம் அந்தப் புள்ளகூட வாக்குவாதம் வேற."

"நிஜமாங்க்கா?"

"அட, சத்தியமா. மாமனாரு இன்னும் மோசம். தொட்டிச் செடிக்கெல்லாம் பேரு வெச்சு, இன்னிக்குக் கொழம்பு எப்படி இருந்துச்சுன்னு அதுங்ககிட்டக் கேப்பாரு."

சிரிப்பு வந்தபோதெல்லாம் வெயினி முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தாள். சாப்பிடும்போது தட்டைப் பார்த்தாள். தூங்கும்போது சுவரைப் பார்த்துப் படுத்தாள். தன்விகா குளிக்கப் போனால் வடிகட்டியைப் போட்டு, அவள் வரும் சத்தம் கேட்டதும் நிறுத்தினாள். இருவருக்கும் பொதுவென்று டாக்டர் கொடுத்தனுப்பிய துண்டைத் தினமும் கிருமிநாசினியில் அலசிக் காயப்போட்டாள். தன் சீக்கு அந்த நல்ல மனுஷிக்கு ஒட்டிவிடக் கூடாது என்ற ஒரே கவலைதான்.

ஐப்பசி பிறந்ததும் சோதனைக்குப் போனார்கள். டாக்டர் சுலைகா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"விதைச்சது பாதிக்கு மேல காஞ்சிருக்கு. ரவுடி வாசல் வரைக்கும் வந்துட்டான். எலும்பும் அப்படியேதான் இருக்கு. தன்விகா, என்ன நடக்குது அங்க?"

"நானென்னங்க பண்றது? இந்தப் புள்ள இத்தன நாள்ல என்ற மொகத்தப் பாத்து ஒரு மூச்சு வுட்டதில்ல. பேசறப்பக்கூட அலமாரியப் பாத்துத்தான் பேசுது. நெம்ப மரியாதை! அந்த அலமாரிக்குத்தான் இன்னேரம் சளி புடிச்சிருக்கும்."

வெயினி மற்றதையும் சொன்னாள். துண்டு, குளியல் நேரத்து வடிகட்டி, எல்லாம். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அம்மாடி, மழை வேணும்னு மேகத்தைக் கூட்டிட்டு வந்து வச்சா, நீங்க மேகம் நனைஞ்சிடும்னு அதுக்குக் குடை பிடிச்சிருக்கீங்க. மூச்சு ஒரு பக்கமா மட்டும் போகாது. நீங்க விட்டாத்தான் அவங்க விடறது உங்களுக்கு வரும். கார்த்திகை வரைக்கும்தான் டைம். அதுக்கு மேல என்னால தள்ளிப் போட முடியாது."

ஆனால் ஒரு பழக்கம் நாளை முதல் வேண்டாம் என்று சொன்னால் நின்றுவிடாது. கழுத்துத் தசைக்கு அது தெரியாது. வெயினி எதிரே பார்க்க முயன்றாள். மூச்சு விடும் நேரம் வந்ததும் கழுத்து தானாகத் திரும்பியது. முடியாதபோது மூச்சையே பிடித்துக்கொண்டாள். முகம் சிவந்தது.

அதைப் பார்த்த தன்விகா அன்று மாலை டீயை வைத்துவிட்டுச் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "கண்ணு, ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லிப் போடாத."

"என்னங்க்கா?"

"கிட்ட வா."

"இங்க யாருங்க்கா இருக்காங்க? சத்தமாவே சொல்லுங்க."

"அதெப்படி? இதைச் சத்தமாச் சொல்லக் கூடாது. என்ற நாத்தனா சமாச்சாரம்."

வெயினி நகர்ந்து உட்கார்ந்தாள். தன்விகா அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து, கிசுகிசுவென்று சொன்னாள். அந்த நாத்தனார் தினமும் இரண்டு தட்டு வைப்பாளாம். ஒன்றில் சாப்பிடுவாள். மற்றதைக் கழுவாமலே எடுத்து வைப்பாள். யாராவது வந்தால் வேண்டும் என்பாளாம்.

"யாரு வருவாங்கன்னு?" வெயினியும் கிசுகிசுத்தாள். கிசுகிசுக்கும்போது முகத்தைத் திருப்ப முடியாது. திருப்பினால் கேட்காது.

"அதுதான் ஆருக்கும் தெரியாது. நான் ஒருநாளு அந்தத் தட்டுல போட்டுத் தின்னுட்டேன். ஒருமாதிரி மொறச்சுப் பாத்தா பாரு! அப்பறம் ஒரே அழுவாச்சி. அப்பறம் இன்னொரு தோசை ஊத்துனா."

இப்படித்தான் அந்தச் சிறிய அறையில் ரகசியம் பேசுவது வழக்கமாயிற்று. சின்னக் கொழுந்தன் குளிக்கும்போது யாரோ கதவைத் தட்டியதாக நினைத்துச் சோப்பு நுரையோடு ஓடி வந்து பார்ப்பது. ஓரகத்தி ஒருத்தி, தப்பான எண்ணுக்கு வந்த போன்காரனோடு ஒரு மணி நேரம் பேசியது. வெயினியும் தன் பங்குக்கு மில்லைப் பற்றிச் சொன்னாள். அங்கே அடிக்கடி நூல் அறுக்கும் ஒரு இயந்திரத்தை மட்டும் திட்டுவதில்லை என்றாள். "அது அறுந்தாத்தானுங்க்கா எனக்கு மணி அடிக்கும். மத்ததெல்லாம் அது பாட்டுக்கு ஓடும். நான் இருக்கறதே அதுங்களுக்குத் தெரியாது."

தன்விகா இதற்குச் சிரிக்கவில்லை. வெயினியின் கன்னத்தை ஒருமுறை தட்டிவிட்டு எழுந்து போனாள்.

கன்னம் கனக்காத காலை ஒன்று வந்தது. பிறகு இன்னொன்று. ஒருநாள் மதியம் வெயினி வேலைத் திரையின் முன் உட்கார்ந்திருந்தபோது ஏதோ ஒன்று அவளைத் தொந்தரவு செய்தது. சத்தமல்ல. வலியல்ல. என்னவென்று சொல்லத் தெரியாமல் எழுந்து அறையைச் சுற்றினாள். குளியலறைக் கதவருகே அது அதிகமாயிற்று. மூலையில் சரியாகக் காயாத துண்டு கிடந்தது. எடுத்து முகத்தில் வைத்தாள்.

"அக்கா! நாறுது!"

"என்ன நாறுது?"

"துண்டு! துண்டு நாறுதுங்க்கா! ஊசிப் போன வாடை!" அவள் கண்களில் நீர் கொட்டியது. துண்டை விலக்கவே இல்லை.

"அட கெரகமே, கெட்ட வாடைக்கா இத்தன சந்தோசம்? இங்க வா." தன்விகா டப்பாவைத் திறந்து பெருங்காயக் கட்டியை நீட்டினாள். பிறகு மல்லித் தூள், தேங்காய் எண்ணெய், சோப்பு, செருப்பு என்று கையில் கிடைத்ததையெல்லாம் நீட்டினாள். செருப்பை மோந்து பார்த்து இருவரும் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். வெயினியின் சிரிப்பு நேராகத் தன்விகாவின் முகத்தில் போய் விழுந்தது. எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

கார்த்திகை நெருங்கியபோது வெயினி சில நாட்களாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டாள். மில் வேலையை எங்கிருந்தும் பார்க்கலாம். தாராபுரத்தில் இருந்தும் பார்க்கலாம். "உங்க வீட்டுல ஒரு மூலை குடுத்தாப் போதுங்க்கா. பதினோரு பேர் இருக்கற வீட்டுல பன்னெண்டாவது ஆள் இருக்கறதே தெரியாது. வாடகை குடுக்கறேன். இங்க தனியா இருந்தா மறுபடி எல்லாம் காஞ்சிடும்."

தன்விகா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அதெல்லாம் சரிப்படாது."

"ஏனுங்க்கா? உங்க மாமனாரை நான் பார்த்துக்கறேன். செடிக்குத் தண்ணி ஊத்தறேன்."

"எடமில்லீனு சொல்றேனில்ல? வுடு."

அந்தக் குரலை வெயினி அதுவரை கேட்டதில்லை. மறுநாள் காலையில் அவள் எழுந்தபோது தன்விகா துணிப்பையைக் கட்டி முடித்திருந்தாள். இன்னும் இரண்டு நாள் பாக்கி இருக்கிறதே என்றதற்கு, ஊரிலிருந்து தாக்கல் வந்துவிட்டது, உடனே வரச் சொல்கிறார்கள் என்றாள். யாரும் அழைத்ததாக வெயினிக்குத் தெரியவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "மூக்கப் பத்தரமாப் பாத்துக்க, கண்ணு" என்றாள். போய்விட்டாள்.

வெயினி அறையின் நடுவில் நின்றாள். பெருங்காயமும் எண்ணெயும் வியர்வையும் கலந்த வாடை இன்னும் இருந்தது. இதற்காகத்தானே மூக்கைத் திறந்துவிட்டார்கள் என்று நினைத்தாள். மதியத்துக்குள் அதுவும் மெலிந்து போனது.

டாக்டர் சுலைகா படத்தைப் பார்த்துக் கைதட்டினார். எலும்பு கெட்டிப்பட்டிருந்தது. மயிரிழைகள் வயலைப் போல அசைந்தன. பசை ஊற்ற வேண்டியதில்லை.

"தெரு நிறையக் குடித்தனம்! ஏம்மா, சந்தோஷமில்லையா?"

"இருக்குங்க. ஆனா எத்தனை நாளைக்கு? அக்கா வீட்டுக்கு வரேன்னு கேட்டேன். பதினோரு பேருக்குச் சோறு போடற வீட்டுல எனக்கு ஒரு மூலை இல்லையாம்."

"எந்த வீட்டுல?"

"தாராபுரத்துல."

டாக்டர் கையிலிருந்த கையுறையைக் கழற்றாமலே உட்கார்ந்தார். "யார் யார் இருக்கறதாச் சொன்னாங்க?"

வெயினி சொன்னாள். செய்தி வாசிப்பவளுக்குக் கும்பிடு போடும் கொழுந்தனார். செடிகளிடம் குழம்பைப் பற்றிக் கேட்கும் மாமனார். இரண்டு தட்டு வைக்கும் நாத்தனார்.

"நான் பேர் சொல்லக் கூடாது" என்றார் டாக்டர். "டிவிக்குக் கும்பிடு போடறவர் பவானியில இருக்கார். ரிட்டயர்ட் ஆனவர். செடிக்காரர் ஈரோடு. ரெண்டு தட்டு வைக்கறவங்களுக்கு உங்களைவிட ரெண்டு வயசு கூட இருக்கும், உடுமலையில தனியா இருக்காங்க. எல்லாருமே என்னோட நோயாளிங்க. தன்விகா ஒவ்வொருத்தர்கூடயும் ஒரு பருவம் இருந்திருக்காங்க. உங்களுக்கு முன்னால பதினோரு பேர்."

"அப்ப அவங்களுக்கு வீடு?"

"இங்க ஆஸ்பத்திரி மாடியில விருந்தினர் அறை ஒண்ணு இருக்கு. ஒரு ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவுல அங்கதான் இருப்பாங்க. இந்த வைத்தியத்துல அவங்கதான் எனக்கு முதல் நோயாளி. காங்கயம் ரோட்டுல ஒரு குளிர்பதனக் கிடங்குல வருஷக்கணக்கா ஒத்தையில காவல் இருந்தவங்க. மூக்கு உங்களைவிட மோசம். அப்ப எங்க வீட்டுல ஆளுங்க நிறைய, என் மூக்குலயும் தெரு நிறைஞ்சிருந்துச்சு, நானே போய் அவங்ககூட இருந்தேன்."

"ஆனா ஒரு டாக்டர் மூக்குல இருந்தது மட்டும் இத்தனை பேருக்குப் போதுமாங்க?"

டாக்டரின் முகம் மலர்ந்தது. யாராவது சரியான கேள்வி கேட்டால் அவருக்கு அப்படி ஆகும். "போதாது! எனக்கே ரொம்ப நாள் புரியல. அப்புறம் பார்த்தா, காலித் தெருன்னு நான் நினைச்ச ஒவ்வொரு மூக்குலயும் ஒரு நல்ல கிருமி மூலையில ஒளிஞ்சிருந்திருக்கு. இவர்கிட்ட ஒண்ணு, அவங்ககிட்ட வேற ஒண்ணு. தன்விகா போற இடத்துல எல்லாம் குடுத்தது மட்டும் இல்ல, அதை வாங்கிக்கிட்டும் வந்திருக்காங்க. உங்க எலும்பைக் காப்பாத்தினது தாராபுரத்து வீடு இல்ல. ஒருத்தரை ஒருத்தர் பார்க்காத பதினோரு தனி ஆளுங்க."

"எங்கிட்டயும் அப்படி ஏதாவது இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு. பிறக்கறப்ப அம்மாகிட்டயிருந்து மட்டும் வர்ற வகை. இப்ப அது தன்விகாகிட்ட நல்லா வளர்ந்திருக்கு. நாளைக்கு அவங்ககூடச் சேலத்துக்குப் போகுது. அங்க ஒரு காலேஜ் பையன் இருக்கான்."

வெயினி தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவசரமாகக் கேட்டாள். "அவங்க எங்கூடவே இருந்துடலாமே? ரெண்டு பேரும் தனியாத்தான இருக்கோம்?"

"அதைத்தான் நான் உங்ககிட்டச் சொல்லணும்." டாக்டர் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "ரெண்டு பேர் ஒரே காத்துல இருக்க இருக்க ரெண்டு மூக்கும் ஒண்ணா ஆயிடும். உங்களுது இப்பவே ஆயிடுச்சு. உங்க ரெண்டு பேர் சாம்பிளையும் பக்கத்துல வச்சா எது யாருதுன்னு எனக்கே தெரியல. இனி அவங்களுக்குக் குடுக்க உங்ககிட்ட ஒண்ணுமில்ல, உங்களுக்குக் குடுக்க அவங்ககிட்டயும் ஒண்ணுமில்ல. புதுசா ஆள் வராத தெரு மெல்ல மெல்லக் காலியாகும். வைத்தியத்துக்கு வேத்து ஆள் வேணும். நெருங்கிட்டா அந்த வைத்தியம் முடிஞ்சுது."

"இது அக்காவுக்குத் தெரியுங்களா?"

"ஆரம்பத்துலயிருந்தே தெரியும். அதனாலதான் யார்கிட்டயும் முகவரி குடுக்கறதில்ல." டாக்டர் கையுறையைக் கழற்றினார். "உங்களுக்கும் அதேதான். கூட்டமா இருக்கற இடமாப் பார்த்துக் குடி போங்க. இல்லன்னா அவங்களை மாதிரிக் கிளம்புங்க. உங்க மூக்கு இப்ப பன்னெண்டு பேருக்குச் சமம். குன்னூர்ல ஒரு அம்மா காத்திருக்காங்க. இப்பவே பதில் சொல்ல வேண்டாம்."

வெயினி எழுந்துகொண்டாள். கீழே கேன்டீனுக்குப் போய்விட்டு மாடிப்படி ஏறினாள்.

விருந்தினர் அறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டியதும் உள்ளே ஏதோ உருண்டு விழுந்த சத்தம். திறந்த தன்விகா, வெயினியைப் பார்த்ததும் கதவைப் பாதி மூடினாள். உள்ளே ஒரு கட்டில், ஒரு ஜன்னல், கட்டிலின் மேல் மடித்தும் மடிக்காமலும் கொஞ்சம் துணி. அவ்வளவுதான்.

"டாக்டரம்மா சொல்லிப் போட்டாங்களா?"

"சொன்னாங்க."

"அதெல்லாம் பொய்யின்னு நெனச்சுக்காத. அவிய எல்லாரும் இருக்கறவியதான். ஒரே வூட்டுல இல்ல, அத்தனதான்." தன்விகா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குரலில் பழைய அதட்டலைக் கொண்டுவரப் பார்த்தாள். "ஏம் புள்ள, இங்க எதுக்கு வந்த? உனக்குக் குடுக்க எங்கிட்ட இனி ஒண்ணுமில்ல. எல்லாம் உங்கிட்டயே இருக்குது. எங்கூட இருந்து உனக்கொரு பிரயோசனமும் இல்ல கண்ணு."

"தெரியுங்க்கா. உங்களுக்கும் என்னால இல்ல."

"அப்பறமென்ன?"

வெயினி கையிலிருந்த பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினாள். "தக்காளி சாதம்தான் இருந்துச்சு. அடி புடிச்சிருக்கு, வாடை வருது. சாப்பிடலாம் வாங்க. உங்களுக்கு நாளைக்குத்தான வண்டி?"

தன்விகா கதவை முழுதாகத் திறந்துவிட்டாள். பிறகு உள்ளே போய், கட்டிலில் கிடந்த துணிகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.